இலை எங்கே தொடங்குகிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இலையைப் பற்றியவை. அவற்றிலும் இலையின் வடிவத்தையோ நிறத்தையோ கேட்டவர்களைவிட, அது தண்டோடு சேரும் இடத்தைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். தொடர்புடைய கேள்விகளை அடுத்தடுத்து வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: புளியமரத்தின் இலையும் நெல்லி மரத்தின் இலையும் என் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. இரண்டிலும் ஓர் ஈர்க்கின் இருபுறமும் பொடிப்பொடியாக இலைகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் புளியினுடையது கூட்டிலை என்றும் நெல்லியினுடையது தனி இலை என்றும் சொல்கிறார்கள். எதை வைத்து அப்படிப் பிரிக்கிறார்கள்?

பதில்: சொன்னவர்கள் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த வேறுபாடு ஒருநாளும் பிடிபடாது. இலை தண்டைத் தொடும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். இலை புறப்படும் இடத்துக்குக் கணு என்று பெயர். கணுவில், இலைக்கும் அதற்கு மேலே செல்லும் தண்டுக்கும் இடையில் ஒரு கோணம் உண்டாகிறது. அந்த இலைக்கோணத்தில் ஒரு மொட்டு இருக்கும். அது கிளையாக வளரலாம், பூவாக மலரலாம், ஆண்டுக்கணக்கில் உறங்கியும் கிடக்கலாம். கோணமொட்டு இருந்தால் அதற்குக் கீழே இருப்பது இலை. ஒரு கூட்டிலையின் உறுப்பாகிய சிற்றிலைக்குக் கோணமொட்டு கிடையாது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு புளியைப் பாருங்கள். பத்து முதல் இருபது இணை வரையிலான சிற்றிலைகளில் எதன் அடியிலும் மொட்டு இல்லை. அவற்றையெல்லாம் தாங்கும் ஈர்க்கு கிளையோடு சேரும் இடத்தில்தான் மொட்டு இருக்கிறது. ஆகவே அந்த ஈர்க்கு முழுவதும் சேர்ந்து ஒரே ஓர் இலை. நெல்லியிலோ, பூக்கும் பருவத்தில் ஒவ்வொரு சிறு இலையின் அடியிலும் பொடிப் பூக்கள் கொத்தாக வெளிப்படுவதைக் காணலாம். சிற்றிலையின் கோணத்திலிருந்து பூ வராது என்பதால், நாம் ஈர்க்கு என்று நினைத்தது உண்மையில் ஒரு மெல்லிய கிளை. அதிலுள்ள பொடி இலை ஒவ்வொன்றும் முழுமையான தனி இலை. நெல்லி நம்மைக் குழப்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த மெல்லிய கிளை ஓரளவுக்கு மேல் வளராமல் நின்றுவிடுகிறது. பிறகு தன் இலைகளோடு சேர்ந்து தானும் உதிர்ந்துவிடுகிறது. இலைக்குரிய நடத்தையைக் கிளை மேற்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம். அதன் உறவான கீழாநெல்லியிலும் இதே அமைப்புத்தான்: இலையின் அடியில் காய் தொங்குவதை வைத்தே அச்செடிக்குப் பெயர் அமைந்திருக்கிறது. பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும், பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்திருக்கிறார்.

முருங்கைக்கும் இந்தச் சோதனை பொருந்தும். மும்முறை கிளைத்து அரை மீட்டர் வரை நீளும் அந்தத் தழை முழுவதும் ஓர் இலையே. முருங்கை ஈர்க்கு கிளையன்று. எலுமிச்சை எதிர்ப்பக்கத்து வியப்பு. அதன் இலை பார்வைக்குத் தனி இலைதான். ஆனால் காம்புக்கும் இலைத்தாளுக்கும் நடுவில் ஒரு மூட்டு தெரியும். மற்றச் சிற்றிலைகளை இழந்து ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்ட கூட்டிலை என்றே அதைத் தாவரவியலார் கொள்கின்றனர்.

ஓர் எச்சரிக்கை: மொட்டு கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் அது இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிளேன் மரத்தில் காம்பின் அடிப்பகுதி ஒரு குல்லாய்போல மொட்டை மூடிக்கொண்டிருக்கும். இலை உதிர்ந்த பிறகுதான் மொட்டு வெளியே தெரியும்.

கேள்வி: எருக்கிலைக்குக் காம்பே இல்லையே, அது எப்படித் தண்டில் நிற்கிறது? காம்பில்லாத இலைகளில் பல வகை உண்டு என்றும் அறிந்தேன். அவற்றை நினைவில் வைத்துக்கொள்ள எளிய வழி உண்டா?

பதில்: இலைத்தாள், காம்பு, இலையடி என மூன்று பகுதிகள் இலைக்கு உண்டு என்று படித்திருப்பீர்கள். இவற்றுள் காம்பு இல்லாமலும் இலை இருக்கலாம். இலையடி இல்லாமல் இருக்க முடியாது, ஏனெனில் தண்டோடு சேரும் பகுதியே அதுதான். காம்பு என்பது இலைத்தாளைத் தண்டிலிருந்து சற்றுத் தள்ளி, ஒளி கிடைக்கும் பக்கம் நீட்டிப் பிடிக்கும் கை. எருக்கில் அந்தக் கை இல்லை, அல்லது இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறுகியிருக்கிறது. இதய வடிவிலுள்ள அடிப்பகுதி நேராகத் தண்டிலேயே அமர்ந்துவிடுகிறது.

வகைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இலையடி தண்டின்மேல் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டால், வகைகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். இலையடி ஒரு புள்ளி அளவில் தொட்டு நின்றால் சாதாரணக் காம்பற்ற இலை. அது காதுமடல்போல இருபுறமும் விரிந்து தண்டைப் பாதியளவு வளைத்துக்கொண்டால் தழுவும் இலை; பிரமதண்டிலும், முயற்செவி என்னும் சிறு களையின் மேலிலைகளிலும் இதைப் பார்க்கலாம். அந்தக் காதுகள் இன்னும் நீண்டு, தண்டின் மறுபக்கத்தில் சந்தித்து ஒட்டி இணைந்துவிட்டால், தண்டு இலையைத் துளைத்துக்கொண்டு மேலே போவது போன்ற தோற்றம் உண்டாகிறது. புப்ளூரம் இனத்தின் சில செடிகளில் இந்த அமைப்பு உண்டு. முதன்முறை பார்ப்பவர்கள் யாரோ இலையில் ஓட்டை போட்டுக் கோத்துவிட்டார்கள் என்றே நினைப்பார்கள். உண்மையில் எதுவும் எதையும் துளைக்கவில்லை.

எதிரெதிராக நிற்கும் இரண்டு இலைகளின் அடிகள் ஒன்றோடொன்று இணைந்தாலும் இதே தோற்றம்தான் கிடைக்கும். ஹனிசக்கிள் கொடிகள் சிலவற்றில் பூங்கொத்துக்குக் கீழேயுள்ள இரண்டு இலைகள் இப்படிச் சேர்ந்து ஒரு வட்டத் தட்டாகிவிடுகின்றன. டிப்சேகஸ் என்னும் முட்செடியில் இணைந்த இலையடிகள் கிண்ணமாகி மழைநீரைத் தேக்குகின்றன.

இனி, இலையடி பக்கவாட்டில் பரவாமல் தண்டின்மீது கீழ்நோக்கி வழிந்தால் என்ன ஆகும்? தண்டின் பக்கங்களில் பச்சை நிற இறகு முளைத்ததுபோல் ஓர் ஓரம் கணுவுக்குக் கீழே இறங்கி ஓடும். கொட்டைக்கரந்தையின் தண்டைத் தடவிப் பார்த்தால் இதை விரலாலேயே உணரலாம்.

ஆமணக்கு, தாமரை, சேம்பு ஆகியவற்றை இந்த வரிசையில் சேர்த்துவிடாதீர்கள். அவற்றில் காம்பு இலைத்தாளின் ஓரத்தில் சேராமல், குடைக்கம்பிபோல அதன் அடிப்பரப்பில் உள்ளே தள்ளிச் சேர்கிறது. அது காம்புக்கும் இலைத்தாளுக்கும் இடையிலான உறவு. தண்டோடு சேரும் விதம் அன்று.

கேள்வி: வாழையில் வெளியே தெரிவது தண்டு அல்ல என்கிறார்களே, அப்படியானால் அது என்ன?

பதில்: அது இலையடிகளின் அடுக்கு. முந்தைய பதிலில் சொன்ன பரவலின் கடைசிப் படி இதுவே: இலையடி தண்டைச் சுற்றி வளைந்து, உயரமான உறையாக வளர்ந்துவிடுகிறது. வாழையில் ஓர் உறைக்குள் இன்னோர் உறையாக இறுகிப் பொதிந்து மரம்போல் நிற்பது முழுவதும் மட்டைகளே. உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. பூக்கும் காலத்தில் மட்டுமே அது மட்டைகளின் நடுவே புகுந்து உயர்ந்து, உச்சியில் பூவாக வெளியே வருகிறது.

தென்னையிலும் இலையடி தண்டை முழுவதுமாகச் சுற்றித்தான் பிறக்கிறது. மட்டை முதிர்ந்து வெளியே தள்ளப்படும்போது உறையின் மெல்லிய பகுதி கிழிந்து, குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நார்கள் மட்டும் வலைபோல் எஞ்சுகின்றன. பன்னாடை என்று நாம் சொல்வது அந்த எச்சத்தைத்தான். நெய்யாமலே நெய்த துணிபோல் இருக்கும் அதை மரத்தின் உடையென்று எண்ணுபவர்கள் பலர், ஆனால் அது ஓர் இலையின் அடிப்பகுதி. மட்டை விழுந்த இடத்தில் தண்டைச் சுற்றி வளையமாகத் தழும்பு நிற்பதும், இலை தண்டை முழுதும் சுற்றியிருந்தது என்பதற்கான சான்று.

புற்களில் இந்த உறை கணுவில் தொடங்கி மேலேறுகிறது. கணுவுக்குச் சற்று மேலேயுள்ள தண்டுப் பகுதி வளர்ந்துகொண்டிருப்பதால் மென்மையானது. உறையை உரித்துவிட்டால் இளந்தண்டு அந்த இடத்தில் எளிதில் மடங்கிவிடும். இலை தண்டைச் சார்ந்து நிற்பது எங்கும் காணும் காட்சி. புல்லில் தண்டும் இலையைச் சார்ந்து நிற்கிறது. இலையின் வளர்ச்சிப் பகுதியும் அடியிலேயே இருப்பதால், நுனியை மேய்ந்துவிட்டாலும் வெட்டிவிட்டாலும் புல் மீண்டும் நீள்கிறது.

இங்கே மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறம் வயிரம், அதாவது கெட்டியான பகுதி, உள்ளவற்றைப் புல் என்றும் உட்புறம் வயிரமுள்ளவற்றை மரம் என்றும் பிரித்து, தோடு, மடல், ஓலை, ஈர்க்கு போன்ற சொற்களைப் புல்லுக்கும், இலை, தளிர், குழை போன்ற சொற்களை மரத்துக்கும் உரியவையாக வகுக்கிறது. இந்தப் பிரிவின்படி தென்னையும் பனையும் புல்லினமே. ஒருவித்திலை, இருவித்திலை என்று இன்று பிரிப்பதோடு இது பெருமளவு ஒத்துப்போகிறது. இன்றைய வழக்கில் எல்லை கலந்துவிட்டது. புளியின் ஈர்க்கு, முருங்கை ஈர்க்கு என்று நானே மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சின்னஞ்சிறு காம்பால் தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் இலை, பலத்த காற்றிலும் பிய்ந்து போகாமல் இருப்பது எப்படி?

பதில்: ஒட்டிக்கொண்டிருக்கிறது என்ற சொல்லில்தான் சிக்கல். இலையும் தண்டும் தனித்தனியே உருவாகிப் பின்னர் சேர்ந்தவை அல்ல. தண்டின் நுனியிலுள்ள ஆக்குத்திசுவின் பக்கவாட்டில், கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு புடைப்பு எழுகிறது, அதுவே இலையாகிறது. நீரைக் கொண்டுசெல்லும் சைலமும் உணவைக் கொண்டுசெல்லும் ஃபுளோயமும் தண்டிலிருந்து தொடர்ச்சியான இழைகளாக இலைக்குள் செல்கின்றன. உதிர்ந்த இலையின் தழும்பைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், அந்த இழைகள் அறுந்த இடங்கள் சிறு புள்ளிகளாகத் தெரியும். புள்ளிகளின் எண்ணிக்கையும் அமைப்பும் செடிக்குச் செடி மாறும். இலையற்ற காலத்தில் மரங்களை அடையாளம் காண இது உதவும்.

காற்றைச் சமாளிப்பது காம்பின் வேலை. பல இலைகளின் காம்பில் மேற்புறம் ஓர் ஓடை ஓடுவதைக் கவனித்திருக்கலாம். அப்படிப்பட்ட குறுக்குவெட்டு உள்ள காம்பு, இலையின் எடையால் எளிதில் வளைந்துவிடாது. ஆனால் முறுக்கினால் எளிதில் இடங்கொடுக்கும். எனவே காற்று வீசும்போது இலை எதிர்த்து நிற்காமல் திரும்பிக்கொள்கிறது. அரசிலை இலேசான காற்றுக்கும் சலசலப்பது அதன் நீண்ட மெல்லிய காம்பினால். ஆஸ்பென் மரத்தில் காம்பே பக்கவாட்டில் தட்டையாக இருப்பதால் இலை ஓயாமல் நடுங்கிக்கொண்டிருக்கும்.

சில செடிகளில் இலையடி வீங்கி ஓர் அதைப்பாக மாறியிருக்கும். தொட்டாற்சிணுங்கியைத் தொட்டவுடன் அதைப்பின் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகளும் அவற்றைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகின்றன. அந்தப் பக்கம் தளர, இலை தொங்கிவிடுகிறது. தூங்குமூஞ்சி மரம் மாலையில் இலைகளை மடிப்பதும் அதைப்புகளின் வேலைதான்.

கேள்வி: இலைகள் தண்டைச் சுற்றிச் சுழல் ஏணிபோல அமைவது, ஒன்றன் நிழல் மற்றொன்றின்மேல் விழாமல் இருப்பதற்காகத்தானே?

பதில்: அது பயன், காரணம் வேறு. முதலில் அமைப்பைப் பார்ப்போம். கணுவுக்கு ஓர் இலை வந்தால் மாற்றிலையடுக்கம், இரண்டு எதிரெதிராக வந்தால் எதிரிலையடுக்கம், மூன்றும் அதற்கு மேலும் வந்தால் வட்ட இலையடுக்கம். அரளியில் பெரும்பாலும் கணுவுக்கு மூன்று. ஏழிலைப்பாலைக்குப் பெயரே எண்ணிக்கையால் வந்தது, ஆனால் கணுதோறும் ஏழு இருக்கும் என்று நம்பி எண்ணப் போனால் ஏமாற நேரும். ஐந்தோ ஆறோ இருப்பதும் உண்டு.

மாற்றிலையடுக்கத்தில் ஒரு நூலை எடுத்துக்கொண்டு, ஓர் இலையின் அடியிலிருந்து தொடங்கி அடுத்தடுத்த இலைகளைத் தொட்டபடி தண்டைச் சுற்றி மேலேறுங்கள். செம்பருத்தியில் இரண்டு சுற்று முடியும்போது, தொடங்கிய இலைக்கு நேர் மேலே ஆறாவது இலை நிற்கும். அதாவது இரண்டு சுற்றில் ஐந்து இலைகள், அடுத்தடுத்த இலைகளுக்கு இடையே 144 பாகை. பப்பாளியில் மூன்று சுற்றில் எட்டு இலைகள், எனவே 135 பாகை. புற்களில் ஒரு சுற்றுக்கு இரண்டு, கோரையில் மூன்று. 1, 2, 3, 5, 8 என்று வரும் இந்த எண்கள், முந்தைய இரண்டு எண்களின் கூட்டுத்தொகையே அடுத்த எண்ணாக வரும் ஃபிபனாச்சி வரிசையில் உள்ளவை. வரிசை நீள நீளக் கோணம் ஏறத்தாழ 137.5 பாகையை நெருங்குகிறது. 1837-இல் பிரான்சு நாட்டு பிராவே சகோதரர்கள் இந்தக் கோணத்தைக் கணிதமாக எடுத்துக்காட்டினர்.

செடி கணக்குப் போடுவதில்லை. 1868-இல் ஹோஃப்மைஸ்டர் என்ற ஜெர்மானியத் தாவரவியலார் ஓர் எளிய விதியைச் சொன்னார்: ஒவ்வொரு புதிய இலையும், முன்பே தோன்றிய இலைகளிலிருந்து மிகுந்த இடைவெளி கிடைக்கும் இடத்தில் முளைக்கிறது. 1992-இல் டுவாடி, கூடேர் என்ற இரு பிரெஞ்சு இயற்பியலாளர்கள் செடியே இல்லாமல் இதைச் சோதித்தனர். காந்தத் தன்மையுள்ள திரவத்தைச் சொட்டுச்சொட்டாக ஒரு தட்டின் நடுவில் விட்டு, சொட்டுகள் ஒன்றையொன்று விலக்கியபடி ஓரத்தை நோக்கி நகரும்படி செய்தனர். சொட்டுகள் விழும் வேகம் கூடியபோது, அவை தாமாகவே பொற்கோணம் எனப்படும் அந்த 137.5 பாகைக் கோணத்தில் அமைந்த சுருள்களாக ஒழுங்குபட்டன. செடியின் நுனியில் விலக்கும் பணியைச் செய்வது காந்தம் அன்று, ஆக்சின் என்னும் வளரூக்கி. ஆக்சின் சேரும் இடத்தில் புதிய இலை எழுகிறது. எழுந்த இலை சுற்றியுள்ள ஆக்சினைத் தன்பக்கம் ஈர்த்துக்கொள்வதால், அதன் அருகில் உடனே இன்னோர் இலை முளைக்க முடிவதில்லை. நிழல் விழாமல் இருப்பது இதன் விளைவாகக் கிடைக்கும் நன்மை. அந்த நன்மையையும் மிகைப்படுத்த வேண்டியதில்லை. காம்பின் நீளத்தை மாற்றியும் காம்பை முறுக்கியும் இலைகள் தம் இடத்தைத் திருத்திக்கொள்ளக்கூடியவை.

கேள்வி: காலம் வந்தால் மரத்தின் இலைகள் தாமே உதிர்கின்றன. ஆனால் புயலில் ஒடிந்து தொங்கும் கிளையின் இலைகள் காய்ந்து சருகான பிறகும் உதிராமல் நிற்கின்றன. ஏன்?

பதில்: மிக நல்ல கேள்வி. உதிர்வது இறப்பு அன்று, உயிருள்ள செல்கள் செய்து முடிக்கும் வேலை என்பதற்கு நீங்கள் கண்ட காட்சியே விடை.

காம்பின் அடியில், தண்டை ஒட்டி, குறுக்காக ஒரு மெல்லிய செல் அடுக்கு முன்கூட்டியே அமைந்திருக்கிறது. இலை இளமையாக இருக்கும்வரை அதிலிருந்து ஆக்சின் தொடர்ந்து தண்டை நோக்கி வழிந்துகொண்டிருக்கும். அந்த ஓட்டம் இருக்கும்வரை அடுக்கு அமைதியாக இருக்கும். இலை மூப்படையும்போது ஆக்சின் குறைகிறது, அடுக்கிலுள்ள செல்கள் எத்திலின் வாயுவுக்கு எளிதில் இசைகின்றன. அப்போது அவை சில நொதிகளைச் சுரந்து, செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் பெக்டின் பசையையும் செல்சுவரையும் கரைக்கின்றன. கடைசியில் இலை சைலம் இழைகளால் மட்டுமே தொங்கிக்கொண்டிருக்கும். சிறு காற்றோ தன் எடையோ அதை முறித்துவிடும். தண்டின் பக்கத்தில் தக்கைபோன்ற படலம் உருவாகிக் காயத்தை மூடிவிடுவதால், நீர் கசிவதும் கிருமி நுழைவதும் தடுக்கப்படுகின்றன.

ஒடிந்த கிளையில் இவற்றுக்கெல்லாம் அவகாசம் கிடைப்பதில்லை. நொதியைச் சுரக்க வேண்டிய செல்களே நீரின்றி இறந்துவிடுகின்றன; பசை கரையாமல் அப்படியே காய்ந்து இறுகிவிடுகிறது. அதனால்தான் சருகைப் பிடித்து இழுத்தாலும் அது காம்போடு கழன்று வராமல் எங்காவது கிழிந்து வருகிறது. மரத்தில் நன்றாக இருக்கும் கிளைகள் இலையுதிர்த்து நிற்க, ஒரே ஒரு கிளையில் மட்டும் சருகுகள் தொங்கினால், அந்தக் கிளை இலை உதிரும் பருவத்துக்கு முன்பே செத்துவிட்டது என்று துணிந்து சொல்லலாம்.

கேள்வி: சப்பாத்திக்கள்ளியின் தட்டையான பச்சைப் பகுதி இலையா?

பதில்: தண்டு. அதன் உண்மையான இலைகள் இளம் தட்டில் சிறு கூம்புகளாகத் தோன்றி விரைவில் உதிர்ந்துவிடும். அந்த இலைகளின் கோணங்களில்தான் முட்கள் கொத்தாக எழுகின்றன.

கேள்வி: ஒரே செடியில் இலைகள் சேரும் விதம் இடத்துக்கு இடம் மாறுமா?

பதில்: மாறும். சூரியகாந்தியில் கீழ்க்கணுக்களில் இலைகள் எதிரெதிராகவும், மேலே போகப்போக ஒன்றுவிட்டு ஒன்றாகவும் அமைந்திருக்கும். ஆஸ்திரேலிய வேல மரங்கள் சிலவற்றின் நாற்றில் முதலில் இறகு வடிவக் கூட்டிலைகள் வருகின்றன. பின்னர் வரும் இலைகளில் சிற்றிலைகள் குறைந்து காம்பு அகன்று தட்டையாகிறது. வளர்ந்த மரத்தில் காம்பு மட்டுமே எஞ்சி இலைபோல நிற்கிறது. இதைவிடத் தெளிவான மாற்றத்தை நீல யூக்கலிப்டசு மரத்தில் பார்க்கலாம். அதன் இளஞ்செடியில் வெளிறிய நீலப்பூச்சுள்ள அகன்ற இலைகள், காம்பில்லாமல், எதிரெதிராகத் தண்டைத் தழுவி நிற்கும். வளர்ந்த மரத்தில் அரிவாள்போல் வளைந்த நீண்ட இலைகள், காம்போடு, மாற்றிலையடுக்கத்தில் தொங்கும். இரண்டையும் தனித்தனியாகக் கையில் கொடுத்தால் வெவ்வேறு மரங்கள் என்றே சொல்லத் தோன்றும். மரத்தை அடியில் வெட்டிவிட்டுக் காத்திருந்தால், அடிக்கட்டையிலிருந்து வரும் தளிர்களில் மீண்டும் அந்தக் காம்பில்லாத இளமை இலைகளே தோன்றும்.